ஒரு சக்கரம் மட்டும் கொதித்த பழைய கார்: பிரேக் கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் 22 வருடப் பழையது. ஏறக்குறைய 1,60,000 கிமீ ஓடியிருந்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். காலின் அழுத்தத்தைக் கூட்டித்தரும் வேக்குவம் பூஸ்டர் உண்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு சர்க்யூட்டுகள் (தனித்தனி ஆயில் வழிகள்) குறுக்காகப் போகின்றன. இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரு சர்க்யூட், மற்ற இரண்டும் இன்னொன்று. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் கோளாறு எங்கே இல்லை என்று பின்னால் தீர்மானிக்க இதுதான் உதவியது.

உரிமையாளர் வயதானவர், வாரத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வண்டியை எடுப்பவர். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, இடது முன் சக்கரத்தைத் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது என்பது அவர் புகார். இரண்டு மாதமாக இதே கதை. எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன் வேறு ஓர் இடத்தில், டிஸ்க்கை இரு புறமும் பிடித்து உரசும் முன் பேடுகளை மாற்றி, டிஸ்க்குகளைக் கடைந்து கொடுத்திருந்தார்கள். அது பலிக்காததால், ஆயில் அழுத்தத்தால் பேடுகளை டிஸ்க்கோடு நெருக்கும் இடது காலிப்பரையே புதிதாக மாற்றினார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சில நாள் நன்றாக இருந்து, மறுபடி அதே தொல்லை.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன்: "தம்பி, ஒரு நேரம் வலது பக்கம் போகுது, ஒரு நேரம் இடது பக்கம் போகுது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

முதலில் கேட்கும்போது முன்னுக்குப் பின் முரணாகத்தான் இருந்தது. இடது சக்கரம் பிடித்துக்கொண்டால் வண்டி இடது பக்கம்தானே இழுக்க வேண்டும்? வலது பக்கம் ஏன் போகிறது? அவர் தவறாகக் கவனித்திருக்கலாம் என்று ஒதுக்கிவிடாமல் இருந்தோம். இந்த வேலையில் நாங்கள் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

நின்ற நிலையில் பார்த்தவை

பிரேக்கைத் தொடுவதற்கு முன் டயர் காற்றைப் பார்த்தோம். இரண்டு முன் டயர்களிலும் சமமாக இருந்தது. சஸ்பென்ஷனின் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எதிலும் ஆட்டம் இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இவையும் காரணமாகலாம். இவற்றை விட்டுவிட்டு பிரேக்கில் இறங்குவது நேரத்தை வீணாக்கும்.

பூஸ்டர் சோதனை எளியது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை அழுத்தி உள்ளே இருக்கும் வேக்குவத்தைக் காலி செய்தோம். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினைப் போட்டோம். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்கியது, ஆகவே பூஸ்டர் வேலை செய்கிறது. பெடல் உயரமும் சரி, கெட்டியாகவும் இருந்தது.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு சரியாக இருந்தது. நிறம்தான் காப்பி டிகாஷன் மாதிரி. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று உரிமையாளருக்கு நினைவில்லை. யாராவது தவறுதலாக வேறு எண்ணெயை ஊற்றியிருந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், இதே மாதிரி பிரேக் பிடித்துக்கொள்ளும். அதனால் சில துளிகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். கிளைகால் (glycol) வகைப் பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், மினரல் ஆயில் மேலே மிதக்கும். இங்கே கலந்துவிட்டது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும் இடது டிஸ்க்கில் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தன. இடது பேடுகள் வலது பேடுகளைவிட நன்றாகத் தேய்ந்திருந்தன. ஆனால் இடது பக்கத்து உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. இந்த வகைக் காலிப்பரில், அது பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகினால் வழக்கமாக உள் பேடு அதிகம் தேயும். இரண்டும் சமமாகத் தேய்ந்திருப்பதால், காலிப்பர் நன்றாக நகர்கிறது, இரண்டு பேடுகளையும் ஒன்றுபோல அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பின்களைக் கையால் தள்ளிப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு போயின. மாற்றிய காலிப்பரில் குற்றம் இல்லை. அநேகமாகக் கழற்றிப் போட்ட பழையதிலும் இருந்திருக்காது.

குளிர்ந்த நிலையில் நான்கு சக்கரமும் கையால் சுற்றின. முந்தைய இடத்திலும் இப்படித்தான் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தது

ஆள் நடமாட்டமும் வண்டியும் குறைந்த சமதளச் சாலையில், குறைந்த வேகத்தில் ஓட்டினோம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை, பிரேக் போட்டால் நேராக நின்றது. அதற்குப் பிறகு மெல்ல ஆரம்பித்தது. பெடலை அழுத்திய நொடியில் மூக்கு வலது பக்கம் திரும்புகிறது, உடனே நேராகிறது. பெடலை விட்டதும் இடது பக்கம் இழுக்கிறது. கியரை நியூட்ரலில் போட்டால் சீக்கிரமே நின்றுவிடுகிறது.

உரிமையாளர் சொன்னது அப்படியே உண்மை. இரண்டு பக்கமும் இழுக்கிறது, ஆனால் ஒரே பிரேக்கின் இரண்டு வெவ்வேறு கட்டங்களில். அழுத்தும்போது இடது பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது, அதனால் வலது பக்கம் போகிறது. விடும்போது இடது பிரேக் தாமதமாக விடுகிறது, அதனால் இடது பக்கம் இழுக்கிறது. ஆயில் இடது காலிப்பருக்குள் போவதும் சிரமம், வெளியே வருவது அதைவிடச் சிரமம். இரண்டையும் சேர்த்து விளக்கக்கூடிய பொருள் வழியில் அநேகமாக ஒன்றுதான், அது இரும்புப் பைப்பையும் காலிப்பரையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். ஆனாலும் சந்தேகத்தை வைத்து ஒரு பாகத்தை மாற்றுவதைத்தான் இரண்டு மாதமாகச் செய்துவந்திருக்கிறார்கள். நிரூபித்துவிட்டு மாற்றுவோம் என்று முடிவெடுத்தோம்.

திரும்பி வந்ததும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தால் இடது டிஸ்க் 210 டிகிரி செல்சியஸ், வலது 75.

அப்போதுதான் ஒன்று கேட்கத் தோன்றியது: பெடல் எப்போதாவது பஞ்சு மாதிரி ஆனதுண்டா? ஒருமுறை நீண்ட பயணத்தில் அப்படி ஆனது, நாலைந்து தடவை அழுத்தியதும் வந்துவிட்டது என்றார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் மிகவும் கவலை தந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை; புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் தரவிதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. இடைவிடாமல் சூடாகும் காலிப்பருக்குள் பழைய ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உருவாகும். ஆவி அமுங்கும், பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. அவருக்கு அன்று நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். கோளாறு தீரும்வரை வண்டியை எடுத்துப்போக வேண்டாம் என்று சொன்னோம், ஒப்புக்கொண்டார்.

அழுத்தம் எங்கே மாட்டுகிறது

இந்தச் சோதனையைச் சூட்டோடு செய்ய வேண்டும். அன்று நாங்கள் ஜாக்கி, ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை என்று எல்லாம் வைத்து முடிப்பதற்குள் இடது சக்கரம் தானாகவே விட்டுவிட்டது. தேங்கிய அழுத்தம் மெல்லக் கசிந்து போய்விட்டது. மறுநாள் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஓட்டிச் சூடாக்கினோம்.

இரண்டாம் முறை வண்டியைத் தூக்கியபோது இடது முன் சக்கரத்தை இரண்டு கையாலும் திருப்ப முடியவில்லை. அதே சர்க்யூட்டில் உள்ள வலது பின் சக்கரம் லேசாகச் சுற்றியது. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைபட்டிருந்தாலோ, பூஸ்டர் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் போயிருந்தாலோ, இரண்டும் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்ததால் மாஸ்டர் சிலிண்டர்மேல் சந்தேகம் குறைந்தது.

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள ஏர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தோம். ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் அதே நொடியில் விட்டது. ஆகவே பிடித்திருந்தது துருவோ இறுகிய பிஸ்டனோ அல்ல, தேங்கிய அழுத்தம்.

நிப்பிளை மூடிவிட்டுப் பெடலை ஒருமுறை பலமாக அழுத்திவிட்டோம். சக்கரம் மறுபடி பிடித்துக்கொண்டது. இப்போது ஹோஸுக்கு மேலே, இரும்புப் பைப்பும் ஹோஸும் சேரும் நட்டைத் தளர்த்தினோம். ஒன்றிரண்டு துளி வந்தது, சக்கரம் விடவில்லை. நட்டை இறுக்கிவிட்டுக் கீழே நிப்பிளைத் திறந்ததும் விட்டுவிட்டது. ஹோஸுக்கு மேலே அழுத்தம் இல்லை, கீழே இருக்கிறது. அடைப்பு இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில், அதாவது ஹோஸுக்குள்.

ஹோஸை இடுக்கியால் நெரித்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. பழைய ரப்பரில் நாங்கள் அதைச் செய்வதில்லை, நல்ல ஹோஸும் அதனால் உள்ளே கிழியக்கூடும்.

கழற்றிய ஹோஸில் தெரிந்தது

வெளியே பார்த்தால் வெடிப்போ வீக்கமோ இல்லை. மேலோட்டமாகப் பார்க்கும் எவரும் நல்ல ஹோஸ் என்றே சொல்வார்கள். நடுவில் சஸ்பென்ஷனோடு சேர்த்துப் பிடிக்கும் ஓர் இரும்புக் கவ்வி இருந்தது. அதன் உட்புறம் துருப்பிடித்துப் பருத்து, ஹோஸைச் சுற்றிலும் நெரித்துக்கொண்டிருந்தது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், போவதற்கு வேறு இடம் இல்லாததால் ரப்பரை நெரித்துவிட்டது. நீளவாக்கில் அறுத்தபோது, அந்த இடத்தில் துளை ஊசிக்கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. உள் ரப்பர் ஓரிடத்தில் கிழிந்து நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போகும் ஆயில் இந்த நாக்கை ஏன் தள்ளிக்கொண்டு போகிறது, திரும்பும்போது ஏன் முடிவதில்லை? பெடலை அழுத்தும்போது ஆயிலுக்குப் பின்னால் காலின் பலமும் பூஸ்டரின் பலமும் சேர்ந்திருக்கிறது. விடும்போது பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது சதுர வெட்டுள்ள ரப்பர் சீல் ஒன்றின் நெகிழ்ச்சி மட்டுமே. அது இழுக்கும் தூரமும் ஒரு மில்லிமீட்டருக்குள். அந்தச் சின்ன விசையால் நெரிபட்ட வழியைத் தாண்ட முடியாது. பிறகு ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது: பேடு உரசி டிஸ்க் சூடாகிறது, சூட்டில் அடைபட்ட ஆயில் விரிகிறது, விரிந்த ஆயில் பேடை இன்னும் அழுத்துகிறது. குறுகிய பயணங்களில் தெரியாமல் இருந்ததற்கும், ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சில நாள் நன்றாக இருந்ததுபோலத் தோன்றியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் அவர் தூரமாக எங்கும் போகவில்லை.

எடுத்த முடிவுகள்

ஒரு பக்கம்தானே கெட்டது, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வலது ஹோஸும் அதே வயது, அதே கவ்வி, அதிலும் துரு ஆரம்பித்திருந்தது. அழுத்தத்தில் பழைய ஹோஸ் ஒரு மாதிரியும் புதியது வேறு மாதிரியும் விரியும், அதனாலேயே வண்டி இழுக்கக்கூடும். முன்னால் இரண்டையும், பின் அச்சுக்குப் போகும் ஹோஸ்களையும் மாற்றினோம். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கு மிக அருகில் இடது டிஸ்க் வந்துவிட்டது, நீலத் திட்டுகள் வேறு. டிஸ்க்கையும் பேடையும் ஜோடியாக மாற்றினோம். புதிய காலிப்பரின் தூசி உறை வெப்பத்தில் இறுகியிருந்தது, அதையும் பிஸ்டன் சீலையும் மாற்றிவிட்டுக் காலிப்பரை வைத்துக்கொண்டோம்.

பைப் நட்டுகளுக்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போடாமல், நட்டை ஏறக்குறைய முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் போட்டோம். 22 வருட நட்டின் மூலை மழுங்கினால் பைப்பையே மாற்ற வேண்டிவரும். காலிப்பர் பக்கத்துப் போல்ட்டுக்குப் புதிய காப்பர் வாஷர்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். புதிய ஹோஸ் முறுக்காமல் இருக்கிறதா, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பும்போது டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசுகிறதா என்று சக்கரம் தொங்கும் நிலையிலும் தரையில் நிற்கும் நிலையிலும் பார்த்தோம்.

பின் டிரம்களைத் திறந்ததில் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர்கள் இரண்டும் இறுகிக்கிடந்தன. டிரம்முக்குள் ஆயில் அழுத்தத்தால் பிரேக்கை விரிக்கும் வீல் சிலிண்டர்களில், வலது பக்கத்ததன் ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்தது. வீல் சிலிண்டர்கள் இரண்டையும் மாற்றி, அட்ஜஸ்டர்களைச் சுத்தம் செய்து போட்டோம். டிரம்மில் உரசும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைத்தோம்.

பிறகு டாட் 4 ஆயிலை ஊற்றி, கையேட்டில் சொன்ன வரிசையில் ஏர் எடுத்தோம், அதாவது ஆயில் வழியில் மாட்டிய காற்றை வெளியேற்றினோம். ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடும் வழக்கமான முறைதான்.

எங்களால் வந்த இரண்டாவது கோளாறு

அன்று மாலை பெடல் நன்றாக இருந்தது. மறுநாள் காலை, இன்ஜின் ஓடும் நிலையில் பெடலை மென்மையாக அழுத்திப் பிடித்தால் அது மெதுவாகத் தரையை நோக்கி இறங்கியது. பலமாக அழுத்தினால் நிற்கிறது, மென்மையாக அழுத்தினால் இறங்குகிறது. டப்பாவில் அளவு குறையவில்லை. ஹோஸ், பைப், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடம் எல்லாம் காய்ந்திருந்தன.

வெளியே கசியாமல் பெடல் இறங்கினால், ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி அழுத்தமில்லாத பக்கத்துக்கு ஓடுகிறது என்று பொருள். அழுத்தம் கூடினால் சீலின் உதடு சுவரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பலமாக அழுத்தும்போது தெரியவில்லை.

கழற்றிப் பார்த்தோம். சிலிண்டரின் உட்சுவர், பிஸ்டன் தினமும் ஓடும் பகுதியில் பளபளப்பாக இருந்தது. அதைத் தாண்டிய பகுதியில் துருப்பொட்டுகளும் கசடும். சீலின் உதட்டில் புதிய கீறல். ஏர் எடுக்கும்போது எங்கள் உதவியாளர் பெடலைத் தரைவரை மிதித்திருந்தார். அப்படி மிதிக்கச் சொன்னது நான்தான். இத்தனை வருடத்தில் பிஸ்டன் போகாத இடத்துக்கு அன்று போய், துருவில் சீல் அறுந்துவிட்டது. சுவரில் ஏற்கெனவே துரு இருந்தது உண்மை, எப்போதாவது அது தொல்லை தந்திருக்கும். ஆனால் அன்று அதைக் கெடுத்தது எங்கள் முறை. உரிமையாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். அந்தப் பாகத்துக்கும் வேலைக்கும் அவரிடம் பணம் வாங்கவில்லை.

சீல் கிட் மட்டும் போடலாமா என்று யோசித்தோம். குழிவிழுந்த சுவரில் புதிய சீலும் நிலைக்காது. முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினோம். பொருத்துவதற்கு முன் வைஸில் பிடித்து அதிலிருந்த காற்றை எடுத்தோம். பூஸ்டர் ராடின் இடைவெளியை அளந்தோம். இந்த முறை பெடலைத் தொடாமல், டப்பாவின்மேல் மூடி பொருத்திக் காற்றழுத்தத்தால் ஆயிலைத் தள்ளும் கருவியைப் பயன்படுத்தினோம்.

பிறகு நடந்தது

புதிய பேடு பதிவதற்காக, மிதமான வேகத்திலிருந்து மென்மையாகப் பிரேக் போட்டு, முழுதாக நிறுத்தாமல் விட்டு, நடுவே ஆறவைத்து, இப்படிப் பல முறை ஓட்டினோம். அதற்குப் பின் 25 நிமிட ஓட்டம். இடது டிஸ்க் 84 டிகிரி, வலது 80. அழுத்தும்போதும் விடும்போதும் நேராகப் போனது. பெடலை ஒரு நிமிடம் மென்மையாகப் பிடித்துவைத்தோம், இறங்கவில்லை.

ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் திரும்ப வரச் சொல்லியிருந்தோம், வந்தார். இடது முன் வீல் பேரிங் இத்தனை சூட்டைத் தாங்கியிருந்ததால் அதன் கிரீஸ்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டு முறையும் சத்தமோ ஆட்டமோ இல்லை. பேடுகள் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தன. மூன்றாம் மாதத்துக்குள் ஒரு நீண்ட பயணமும் போய்வந்திருந்தார்.

இப்போது மாற்றிச் செய்பவை

வண்டி இழுக்கிறது என்று யார் வந்தாலும், எந்தப் பக்கம் என்பதோடு, அழுத்தும்போதா, பிடித்திருக்கும்போதா, விட்ட பிறகா என்றும் கேட்டு எழுதுகிறோம். பெடல் எப்போதாவது மென்மையானதுண்டா என்பதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கேட்கிறோம். இந்த வண்டியில் அதைப் பிறகுதான் கேட்டேன், அது தவறு. ஆயில் கொதிக்கக்கூடிய வண்டியை அது தெரியாமலே சாலையில் எடுத்துப் போயிருக்கிறேன்.

சக்கரம் பிடிக்கும் புகாருக்கு ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர், கண்ணாடி, தெர்மாமீட்டர் எல்லாம் வெளியே வைத்த பிறகே ஓட்டிச் சூடாக்கப் போகிறோம்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கப் பெடலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கிறோம், வழக்கமான தூரத்தைத் தாண்டி இறங்காதபடி. ஆயில் பல வருடம் மாற்றாமல் கறுத்திருந்தால், மாஸ்டர் சிலிண்டரும் போகக்கூடும் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிடுகிறோம்.

இந்த வண்டியின் ஆயில் மாற்றிய தேதியையும், இரண்டு வருடம் கழித்து வரும் அடுத்த தேதியையும் எழுதி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அறுத்த ஹோஸை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.